மாட்டின் கண்ணைக் கண்டுபிடிக்கும் கேமரா

"அம்மா, ஒரு கேமரா வாங்கணும். இப்பவே வாங்கவா, இல்ல அடுத்தது வரட்டும்னு பொறுக்கவா?"

கேட்டவருக்கு வயது ஐம்பத்தொன்பது. பதில் சொல்ல வேண்டியவருக்கு முப்பத்தைந்து.

கேட்டவர் சிவசைலம், அரசாங்கக் கால்நடை மருத்துவர். தென்காசிப் பக்கம் மலையடிவாரத்தில் பதினெட்டுக் கிராமங்களுக்கு அவர்தான் டாக்டர். முப்பத்தொரு வருஷம் அதே ஆஸ்பத்திரி, அதே மோட்டார் சைக்கிள் பாதைகள்.

அவர் முன்னால் உட்கார்ந்திருந்தவர் மெய்யம்மை. கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்துவிட்டு, ஒருநாள், இந்த வேலை போதும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர். கால்வாய்க் கரையில் ஒரு ஓட்டுக் கூரை, நாலு ஆடு, ஒரு கிணறு. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழெட்டுப் பேர் வந்து அங்கே சும்மா உட்கார்ந்திருப்பார்கள். கடவுளைப் பற்றிக் கேட்டால் "தெரியாதே" என்பார். அதனாலேயே சிலர் வராமல் போனார்கள். சிலர் விடாமல் வந்தார்கள்.

சிவசைலம் முதலில் வந்தது ஆட்டுக்கு. வயிறு உப்பிப்போய்க் கிடந்த ஆட்டுக்கு மருந்து கொடுத்துவிட்டு, அது எழுந்து நிற்கிறவரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மெய்யம்மையும் உட்கார்ந்திருந்தார். இரண்டு மணி நேரம் யாரும் பேசவில்லை. அடுத்த ஞாயிறு எந்த ஆட்டுக்கும் ஒன்றுமில்லை. ஆனாலும் சிவசைலம் வந்தார்.

அது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. இத்தனை நாளில் அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"கேமரா எதுக்கு, டாக்டர்?"

"ஆகஸ்ட் மாசம் ரிட்டயர் ஆகுதேன். அதுக்குள்ள நான் வைத்தியம் பார்த்த மாடு, ஆடு, அதை வளர்க்கிற ஆளுக, எல்லாத்தையும் தொழுவத்துல வெச்சே படம் எடுக்கணும். நாப்பத்தொரு வீடு."

"அப்புறம் போய் எடுக்கக் கூடாதா?"

சிவசைலம் தலையை ஆட்டினார். "இப்ப நான் கேக்காம கொள்ளாமத் தொழுவத்துக்குள்ள போவேன். ரிட்டயர் ஆயிட்டா விருந்தாளி. வாசல்ல நாற்காலியப் போட்டுக் காப்பி குடுப்பாங்க. மாட்டைக் குளிப்பாட்டிப் பொட்டு வெச்சுக் கொண்டாந்து நிறுத்துவாங்க. எனக்கு அது வேண்டாம்."

"போன்ல எடுக்கலாமே."

"தொழுவம் இருட்டும்மா. கறுப்பு மாடு வேற. எடுத்தா ரெண்டு கொம்பும் ஒரு புகையும்தான் விழுது."

"சரி. இப்ப கடையில இருக்கிற கேமரா எடுக்குமா?"

"எடுக்கும். நல்லா எடுக்கும். நாய், பூனை, பறவை, இதுகளோட கண்ணைத் தானாக் கண்டுபிடிச்சுத் தெளிவாப் பிடிச்சுக்கிடும்." சிவசைலம் குரலைத் தாழ்த்தினார், ஏதோ ரகசியம் சொல்வதுபோல. "ஆனா அடுத்து வரப்போறது மாட்டோட கண்ணையும் கண்டுபிடிக்கும்னு சொல்லுதாங்க."

மெய்யம்மை கிணற்றுப் பக்கம் பார்த்தார்.

"பதில் ஒண்ணு இருக்கு, டாக்டர். ஆனா அடுத்த ஞாயிறுக்குள்ள இதைவிட நல்லதா ஒண்ணு வரும்போலத் தோணுது. இன்னைக்கே வேணுமா, பொறுக்கிறீங்களா?"

சிவசைலம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். அவர் எதையும் விளையாட்டாக எடுத்துக்கொள்கிற மனிதர் இல்லை.

"பொறுக்கேன்ம்மா," என்றார்.

மெய்யம்மை சிரிக்கவில்லை. தலையை மட்டும் அசைத்தார்.

*

சிவசைலம் கேமரா பார்க்கத் தொடங்கி மூன்று வருஷம்.

முதல் வருஷம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். வாங்கப் போன அன்று திருநெல்வேலிக் கடைக்கார மைதீன், "சார், இதுக்கு அடுத்தது கார்த்திகையில வருதாம்," என்றார். பொறுத்தார். கார்த்திகை போய்த் தை மாதம் வந்தது. வந்த மறுவாரமே அதற்கு அடுத்ததைப் பற்றிப் பேச்சு கிளம்பிவிட்டது. மறுபடி பொறுத்தார்.

சாப்பிட்டு முடித்ததும் போனை எடுத்துவைத்துக்கொள்வார். எங்கோ ஒரு தேசத்தில் தாடி வைத்த ஒருவன் இரண்டு கேமராக்களைக் கையில் வைத்துக்கொண்டு இது ஒசத்தியா அது ஒசத்தியா என்று பேசுவான். அவன் பேசும் இங்கிலீஷ் பாதிதான் புரியும். ஆனாலும் முழுக்கப் பார்ப்பார்.

அவர் மனைவி பகவதி ஒருநாள் சொன்னாள்.

"எங்கப்பாவும் உங்கள மாதிரி, அடுத்த மாப்பிள்ளை இதைவிட நல்லா வருவான்னு பொறுத்திருந்தா, நான் தப்பிச்சிருப்பேன்."

"உங்கப்பாவுக்கு அவசரம். நான் என்ன செய்ய?" என்றார் சிவசைலம், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

*

அடுத்த ஞாயிறு.

"வந்துதாம்மா, பதிலு?"

"வந்தது. போன வாரத்ததைவிட நல்லது."

"சொல்லுங்க."

"சொல்றேன். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். இதுக்கு அடுத்தது ரொம்பவே நல்லா இருக்கும்போல."

சிவசைலம் தாடையைத் தடவினார்.

"எப்ப வரும்?"

"பத்து நாள், பதினைஞ்சு நாள். உறுதியாச் சொல்ல முடியலை."

"அவ்வளவுதானே. பொறுப்போம்."

எழுந்து போகும்போது, மெய்யம்மை சொன்ன விதம் எங்கோ கேட்ட விதம் மாதிரி இருக்கிறதே என்று அவருக்கு லேசாகத் தோன்றியது. மைதீன் கடையில் கேட்டதுதான் என்பது வண்டியை நிறுத்தி வீட்டுக்குள் நுழைகிறபோதுதான் உறைத்தது.

"ஆழம் பாக்காங்க," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். கோபம் வரவில்லை. இன்னும் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று மட்டும் நினைத்துக்கொண்டார்.

*

ஜூன் மாதம் ஒரு ஆடு நொண்டியது. குளம்பில் புண்.

சிவசைலம் அதைப் படுக்க வைத்து, காலை மடியில் வைத்துக்கொண்டு, புண்ணைக் கழுவினார். மெய்யம்மை தலையைப் பிடித்துக்கொண்டார்.

"டாக்டர், இந்தப் புண்ணுக்கு இப்ப இருக்கிறது நல்ல மருந்தா?"

"நல்ல மருந்துதாம்மா."

"இதைவிட நல்லது வருமா?"

"வராம? வருஷத்துக்கு ஒண்ணு வருது."

"அப்ப, அது வரட்டும்னு பொறுப்போமா?"

பேச்சு போகிற வழி சிவசைலத்துக்குத் தெரிந்துவிட்டது. தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தார். சிவசைலத்துக்குச் சிரிப்பு வந்தது.

"ஆட்டுக்கு வலிக்குதும்மா. கேமரா இல்லாம எனக்கு எங்கயும் வலிக்கலையே."

மெய்யம்மை ஆட்டின் காதைத் தடவிக்கொண்டே யோசித்தார்.

"அதுவும் சரிதான்," என்றார்.

சும்மா சொல்லவில்லை. நிஜமாகவே தோற்றுப்போனவர் சொல்கிற மாதிரிச் சொன்னார்.

அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சிவசைலத்துக்கு மனசு மிதந்தது. குருவை மடக்கிய சீடன் ஊரில் எத்தனை பேர்? சாப்பாட்டில் உட்கார்ந்ததும் பகவதியிடம் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார்.

பகவதி ரசத்தை ஊற்றினாள்.

"ஜெயிச்சுட்டீங்க."

"ஆமா."

"கேமரா எங்க?"

*

ஜூலை இரண்டாம் வாரம், கோமாரித் தடுப்பூசிக்காக மேலப்புளியூர் போனார்.

அந்த ஊரில் உச்சிமாகாளி என்று ஒரு சம்சாரி, விவசாயம் பார்க்கிறவர். சிவசைலத்தின் நாற்பத்தொரு வீட்டுப் பட்டியலில் முதல் பெயர். உச்சிமாகாளியிடம் ஒரு ஜோடி மாடு உண்டு. ஒன்று மயிலை, ஒன்று செவலை. ஏழு வருஷத்துக்கு முன்னால் செவலைக்குக் கோமாரி கண்டு, வாயெல்லாம் புண்ணாகி, நாக்கைத் தொங்கப்போட்டுக் கிடந்தபோது, சிவசைலம் ஒன்பது நாள் தினமும் வந்து பார்த்தார். ஒன்பது நாளும் உச்சிமாகாளி மாட்டுக்குக் கையால் கஞ்சி ஊட்டினார். பத்தாம் நாள் அது வைக்கோலைக் கடித்தது. அன்றைக்கு அந்த மனிதர் இரண்டு மாட்டுக்கும் நடுவில், ஒரு கை இந்தத் திமிலிலும் ஒரு கை அந்தத் திமிலிலுமாக, பேசாமல் நின்றார். சிவசைலம் எடுக்க நினைத்த முதல் படம் அது. ஏழு வருஷமாக மனசுக்குள்ளேயே இருக்கிற படம்.

வழக்கம்போலப் பின் சந்து வழியாக நேரே தொழுவத்துக்குள் போனார்.

இரண்டு முளைக்குச்சிகள் மட்டும் இருந்தன.

உச்சிமாகாளி உள்ளேயிருந்து கம்பை ஊன்றிக்கொண்டு வந்தார். முழங்காலில் கட்டு.

"டாக்டரா? வாங்க. முட்டி ஆபரேஷன் ஆச்சு. குனிஞ்சு சாணி அள்ள முடியல. போன வியாழக்கிழமை ராஜபாளையத்துக்காரர் ஒருத்தர் வந்து ஓட்டிக்கிட்டுப் போனாரு. நல்ல சம்சாரிதான். நல்லா வெச்சுக்கிடுவாரு."

"ரெண்டையுமா?"

"ஒண்ண மட்டும் எப்படிக் குடுக்க? ஒண்ணில்லாம ஒண்ணு திங்காதுல்லா."

சிவசைலம் தொழுவத்தில் நின்றுகொண்டே இருந்தார். தரையில் குளம்பு பட்டுப் பட்டுக் குழிந்த இடங்கள் இன்னும் அப்படியே இருந்தன.

"முன்னமே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வந்திருப்பேனே, அண்ணாச்சி."

"எதுக்கு, டாக்டர்? மாட்டுக்குத்தான் ஒண்ணும் இல்லையே. சொகமாத்தானே இருந்துது."

*

அவர் ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்கவில்லை. மறுநாள் புதன்கிழமை, லீவு சொல்லிவிட்டு, விடிந்ததும் கால்வாய்க் கரைக்குப் போனார்.

மெய்யம்மை கிணற்றடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா, நல்ல பதிலு வரும்போது வரட்டும். இன்னைக்கு என்ன இருக்கோ அதைச் சொல்லுங்க."

மெய்யம்மை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னைக்கு ஒண்ணும் இல்லையே, டாக்டர்."

"மே மாசம் ஒண்ணு இருக்குன்னீங்களே?"

"இருந்தது."

"அதையே சொல்லுங்க. எனக்கு அது போதும்."

"அது மே மாசத்துக்கு உள்ளது. இப்ப மறந்துபோச்சு."

விளையாடுகிறாரோ என்று சிவசைலம் முகத்தைப் பார்த்தார். விளையாட்டு இல்லை. மெய்யம்மைக்கு மறந்துதான் போயிருந்தது.

"அப்ப நான் என்ன செய்ய?"

மெய்யம்மை கையைக் கழுவினார். முந்தானையில் துடைத்துக்கொண்டார். சாலைப் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"திருநெல்வேலி பஸ் எட்டு அம்பதுக்கு," என்றார்.

மோட்டார் சைக்கிளை அங்கேயே வேலியோரம் விட்டுவிட்டு சிவசைலம் நடந்தார்.

*

கடையில் மைதீன் அவரைக் கண்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"சார், நல்ல செய்தி. அடுத்தது செப்டம்பர்ல வருதாம். இன்னும் ரெண்டே மாசம். இவ்வளவு பொறுத்துட்டீங்க."

"பாய், இருக்கிறதக் குடுங்க."

"மாட்டுக் கண்ணு பத்திக் கேட்டீங்களே?"

"மாடு நிக்கையிலே குடுங்க," என்றார் சிவசைலம்.

மைதீனுக்கு அது புரியவில்லை. ஆனால் பெட்டியை எடுத்தார்.

*

ரிட்டயர் ஆக இன்னும் ஏழு வாரம் இருந்தது.

முதல் வாரத்துப் படங்களை யாருக்கும் காட்ட முடியாது. கேமரா மாட்டின் கண்ணைத் தவிர எல்லாவற்றையும் கண்டுபிடித்தது. மூக்கணாங்கயிறு தெளிவாக இருந்தது. பின்னால் கொடியில் காய்ந்த வேட்டி அதைவிடத் தெளிவாக இருந்தது. ஒரு படத்தில் மாட்டின் முதுகில் உட்கார்ந்திருந்த கரிச்சான் குருவி, கண் உட்பட, அற்புதமாக விழுந்திருந்தது. அடியில் மாடு ஒரு மேகம்.

அந்தப் படத்தைப் பார்த்துச் சிவசைலமே தொழுவத்தில் நின்று சத்தம்போட்டுச் சிரித்தார்.

பிறகு லென்ஸைக் கையால் திருகித் திருகிக் கண்ணைப் பிடிக்கக் கற்றுக்கொண்டார். முப்பத்தொரு வருஷம் பசுவின் வயிற்றுக்குள் கன்றின் தலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று கண்ணால் பாராமல் கையாலேயே தேடித் தெரிந்துகொண்ட விரல்கள். இரண்டாவது வாரம் அவற்றுக்குப் பிடிபட்டுவிட்டது.

இரட்டைக் கன்று ஈன்ற பசுவையும், அதைவிட அதிகமாகப் பெருமைப்பட்டுக்கொண்டு நின்ற பொன்னுத்தாயையும் எடுத்தார். கழுத்தில் மணி கட்டிய கிடாயை அதன் சொந்தக்காரர் தோளில் தூக்கிக்கொண்டு நிற்க எடுத்தார். ஊசி போட்டபோது அவருடைய வலது கையை ஒடித்த பசுவை, கொஞ்சம் எட்ட நின்று எடுத்தார்.

மேலப்புளியூருக்கும் போனார்.

"மாடு இல்லாம என்னைய எதுக்கு எடுக்கீங்க?" என்றார் உச்சிமாகாளி.

"சும்மா நில்லுங்க, அண்ணாச்சி."

கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு அவர் இரண்டு முளைக்குச்சிகளுக்கும் நடுவில் போய் நின்றார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்சம் தடுமாறினார். பிறகு அவரை அறியாமலே இரண்டு கையும் பக்கவாட்டில் உயர்ந்து, திமில் இருக்கிற உயரத்தில் நின்றன.

சிவசைலம் எடுத்துக்கொண்டார். எடுத்தபின்னும் கொஞ்ச நேரம் கேமராவை முகத்திலிருந்து இறக்கவில்லை.

*

புதுக் கேமரா செப்டம்பருக்கு முன்னாலேயே வந்துவிட்டது. ஆகஸ்ட் இருபதாம் தேதி மைதீனிடமிருந்து போனில் செய்தி. பகவதிதான் படித்தாள்.

"வந்துட்டுதாம். மாட்டுக் கண்ணைக் கண்டுபிடிக்குதாம். கன்னுக்குட்டிக் கண்ணைக்கூடக் கண்டுபிடிக்குதாம்."

"நல்லதுதான்," என்றார் சிவசைலம், ஷூவில் காலை நுழைத்துக்கொண்டே. "சார்ஜ் போட்டிருந்த பேட்டரிய எங்க வெச்ச?"

பகவதி எடுத்துக் கொடுத்தாள். அவர் போன பிறகு, அந்தச் செய்திக்கு அவளே பதில் அனுப்பினாள். 'சார் வேலையாக இருக்கிறார்.'

*

ரிட்டயர் ஆவதற்கு முந்தின வாரம், நாற்பத்தொன்றில் ஒரே ஒரு வீடு பாக்கி இருந்தது.

முத்துப்பேச்சி என்று ஒரு அம்மாள். அவள் வளர்த்த எருமைக்குச் சிவசைலத்தைக் கண்டாலே ஆகாது. பதினோரு வருஷமாக ஊசி போட்ட முகம் அல்லவா? அவர் வண்டிச் சத்தம் கேட்டதுமே திரும்பி நின்று வாலைக் காட்டும். நாலு தடவை போய் நாலு தடவையும் வாலைத்தான் எடுத்திருந்தார்.

ஐந்தாவது தடவை வண்டியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு நடந்து போனார். எருமை கால்வாயில் படுத்திருந்தது. தலை மட்டும் வெளியே. அவரைப் பார்த்தது. தண்ணீரைக் கலக்கிக்கொண்டு திரும்பியது. வாலும் தண்ணீருக்குள் இருந்ததால், இந்தத் தடவை அதுகூடத் தெரியவில்லை.

சிவசைலம் கரையில் உட்கார்ந்தார்.

*

ஞாயிற்றுக்கிழமை மற்றவர்கள் எழுந்து போன பிறகு, மெய்யம்மையிடம் கேமராவைக் கொடுத்தார். அதன் முதுகில் இருந்த சின்னத் திரையில் படம் தெரிந்தது.

கறுத்த நெற்றி முழுக்க ஈரம். மூக்கு நுனியில் ஒரு சொட்டு விழப்போகிறது. எருமை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது. ஊசிக்காரனைப் பார்க்கிற பார்வை இல்லை. கரையில் கிடக்கும் கல்லை, மரத்தைப் பார்க்கிற பார்வை. ஒரு கண்ணில் கால்வாயும் ஆகாயமும் தெரிந்தன; மிகச் சின்னதாக, உட்கார்ந்திருக்கிற ஒரு ஆளும்.

மெய்யம்மை அதை வெகுநேரம் பார்த்தார்.

"திரும்ப மாட்டேன்னு அடம்பிடிக்கும்னு சொன்னீங்களே?"

"ஆமாம்மா."

"எப்ப போனீங்க?"

"காலம்பர எட்டு மணி இருக்கும்."

"எப்ப திரும்பிச்சு?"

"தெரியல. முத்துப்பேச்சி சோறு கொண்டாந்து குடுத்தா. அப்பத்தான் மத்தியானம் ஆயிட்டுதுன்னே தெரிஞ்சுது. அதுக்கும் பிறகுதான் திரும்பிச்சு."

"அவ்வளவு நேரமா காத்திருந்தீங்க, டாக்டர்?"

சிவசைலம் கொஞ்சம் குழம்பினார். அப்படி ஒன்று நடந்ததா என்று யோசித்துப் பார்த்தார்.

"இல்லையேம்மா," என்றார். "எருமைகூட இருந்தேன்."